எட்டரை மணி வலக்கை

நாட்டை இழுத்துப் பூட்டி, பஸ், ரயில், டீக்கடை, சினிமாக் கொட்டகை, கோயில் நடை என்று ஒன்று பாக்கியில்லாமல் சாத்திய பிறகு வந்த முதல் திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு, வருசநாட்டு மலையடிவாரத்தில் இருக்கிற ஊத்துக்கரையில், சுருளியம்மாள் வாசலில் உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தபோது, அவளுடைய இரண்டு கைக்கும் நடுவிலிருந்து ஒரு பனியனின் இடது கை, ஓரம் மடித்துத் தைத்து, தையல் சூடு ஆறாமல், மடியில் வந்து விழுந்தது. அவள் அதை எடுத்து இழுத்துப் பார்த்தாள். தையல் நேராகத்தான் இருந்தது. பக்கத்தில் வைத்தாள். அடுத்தது விழுந்தது.

இதில் மலைத்துப் போக என்ன இருக்கிறது? பத்து வருசமாக அந்த நேரத்துக்கு அவள் செய்கிற வேலையே அதுதான். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில், ஒருத்தர் பின்னால் ஒருத்தராக மிஷின் போட்டு உட்கார்ந்திருக்கிற வரிசையில், சுருளியம்மாளுக்கு இடது கை மடித்து அடிக்கிற வேலை. அவளுக்கு அடுத்த மிஷினில் வலது கை மடித்து அடிக்கிறவர் அவள் புருசன் மொக்கராசு. கல்யாணத்துக்கு முன்னாடியே அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்கள், அதனால்தான் கல்யாணமே ஆனது. அங்கே யாரும் முழுச் சட்டை தைப்பதில்லை. கழுத்து அடிக்கிறவருக்குக் கழுத்து, கை அடிக்கிறவருக்குக் கை, பிசிறு வெட்டுகிறவருக்குப் பிசிறு. பங்குனிப் பொங்கலுக்கு அவள் முன்னாடி வந்துவிட்டாள், சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு பின்னாடியே வருகிறேன் என்று சொன்ன மொக்கராசு அங்கேயே மாட்டிக்கொண்டார். அதற்குள் நாட்டுக்குப் பூட்டு விழுந்துவிட்டது.

பக்கத்து வீட்டுப் போதுமணி ஓடி வந்தாள். அவளும் அதே வரிசையில் கடைசியில் உட்கார்ந்து பிசிறு வெட்டுகிறவள். அவள் விரல் இடுக்கிலிருந்து வெட்டிய நூல் துணுக்காக உதிர்ந்துகொண்டே இருந்தது, வாசல் வரைக்கும் கோடு போட்ட மாதிரி.

“ஏண்டி சுருளி, உனக்குமா?”

“எனக்குந்தேன்.”

“நல்லவேளை. எனக்கு மட்டுந்தேன் கிறுக்குப் பிடிச்சுருச்சோன்னு பாத்தேன்.”

ஊரெல்லாம் அப்படித்தான் இருந்தது. அயர்ன் போடுகிற தவசி வீட்டில் ஒரு பொருளும் விழவில்லை, ஆனால் எட்டரைக்கு அவர் உள்ளங்கையிலிருந்து புஸ்ஸென்று ஆவி கிளம்பி ஓட்டு இடுக்கு வழியாக வெளியே வந்தது. பேக்கிங்கில் இருந்த பயல்கள் வீட்டில் பாலித்தீன் பை, உள்ளே ஒன்றுமில்லாமல், வாய் ஒட்டி. சென்னையில் பெரிய ஓட்டல் ஒன்றில் வெங்காயம் மட்டுமே நறுக்கிக்கொண்டிருந்த வனராஜன் வீட்டில் பொடிப்பொடியாக நறுக்கிய வெங்காயம், அடுக்களை கொள்ளாமல். இவர்களையெல்லாம் திருப்பூருக்கு அழைத்துக்கொண்டு போய் வேலையில் உட்கார்த்தி வைத்த காண்ட்ராக்டர் சீனிச்சாமியும் பொங்கலுக்கு ஊருக்கு வந்து மாட்டிக்கொண்டவர்தான், அவருக்கு என்ன விழுந்தது என்கிறீர்கள்? சத்தம். எட்டரை ஆனதும் அவரைக் கேட்காமலேயே அவர் வாய் திறந்து, “ஓட்டு ஓட்டு, கையென்ன வாடகைக்கா வாங்கியிருக்க? பீஸு தேங்குது பாரு, கழுத்து எங்கடா கழுத்து?” என்று கத்தும். அவர் பெண்டாட்டி வாயைப் பொத்திப் பார்த்தாள், விரல் இடுக்கில் கத்தினார். ஒடிசாக்காரப் பையன் பிகாஷ், வரிசையில் கழுத்து அடிக்கிறவன், பூட்டுக்கு முன்னாடியே கடைசி ரயிலைப் பிடித்து அவன் ஊருக்குப் போய்விட்டவன், போன் போட்டுச் சொன்னான்: “அண்ணா, உங்க சத்தம் இங்க குளத்துக்கிட்ட கேக்குது அண்ணா. மாடு எல்லாம் மெரளுது.” எத்தனை மலை எத்தனை ஆறு தாண்டி இருந்தாலும், அந்த வரிசையில் உட்கார்ந்தவன் காதில் எட்டரைச் சத்தம் விழுந்துகொண்டுதான் இருந்தது.

ஊர் என்ன செய்யும்? வந்ததை வைத்துப் பிழைக்கத்தான் பார்க்கும். சுருளியம்மாளின் இடது கைகளை முதலில் ஒன்றிரண்டு பேர் வாங்கி வாயில் மாட்டிக்கொண்டார்கள், மாஸ்க் இல்லாதவனை அடிக்கிற போலீஸ்காரர் அதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார், பிறகு வாழைத்தோட்டத்துக்காரர்கள் சின்னத் தாருக்கு உறை போட வாங்கினார்கள், பிறகு ஈன்ற ஆட்டுக்குட்டிகளுக்குச் சட்டை போட்டார்கள், ஊரில் எந்தக் குட்டியைப் பார்த்தாலும் நீலத்தில் ஒரு கை, சாம்பலில் ஒரு கை மாட்டிக்கொண்டு துள்ளிக்கொண்டு திரிந்தது. போதுமணியின் பிசிறு தலையணைக்குள் போனது. தவசியின் பெண்டாட்டி அவர் கையை அப்படியே இட்லிக் குண்டானுக்கு அடியில் பிடித்து வைக்கச் சொன்னாள், கேஸ் மிச்சம். வனராஜன் வெங்காயத்தை எல்லா வீட்டுக்கும் கொடுத்தான், தொட்டுக்கொள்ள வெங்காயம், குழம்புக்கு வெங்காயம், கடைசியில் வெங்காயத்துக்குத் தொட்டுக்கொள்ள வெங்காயம். சீனிச்சாமியின் சத்தத்தை மட்டும் யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை, பள்ளிக்கூடம் இல்லாத பிள்ளைகள் அதைக் கேட்டு எழுந்து பல் தேய்த்தன.

எல்லாரிடமும் குவிந்ததைச் சேர்த்து ஒரு முழுச் சட்டை பண்ணிவிடலாம் என்று ஒரு நாள் கூடி உட்கார்ந்தார்கள். சுருளியம்மாளிடம் இடது கை இருந்தது. வலது கைக்கு ஆள் திருப்பூரில். கழுத்துக்கு ஆள் ஒடிசாவில். முன்பாகம் பின்பாகம் சேர்க்கிறவர் எங்கே போனார் என்றே யாருக்கும் தெரியவில்லை. இன்னொரு கம்பெனியில் வேலை பார்த்தவன் கொண்டுவந்த பட்டன் பட்டி இந்த நிறத்துக்கு ஒட்டவில்லை. சாயங்காலம் வரைக்கும் போராடி, ஏழெட்டு இடது கைகளை ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்து, அது என்னவென்று புரியாமல் கலைந்து போனார்கள்.

சுருளியம்மாளுக்கு ஒரு ஆறுதல் இருந்தது. ஒவ்வொரு கையிலும் வெட்டும்போதே ஒட்டின நம்பர் ஸ்டிக்கர் இருக்கும், எந்த இடது கைக்கு எந்த வலது கை ஜோடி என்று தெரிவதற்காக. தினமும் மத்தியானம் மொக்கராசு போன் பண்ணுவார்.

“இன்னிக்கு என்ன நம்பர்ல ஆரம்பிச்சுச்சு உனக்கு?”

அவள் சொல்லுவாள். “உங்களுக்கு மாமா?”

“அதேதேன்.”

அவ்வளவுதான் பேச்சு. அதற்கு மேல் என்ன வேண்டும்? அவர் சீட்டில் அவர், அவள் சீட்டில் அவள், நடுவில் கொஞ்சம் தூரம் கூடிப்போயிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

அப்புறம் ஒரு மத்தியானம் அவர் குரல் கம்மிப் போயிருந்தது. ரூமில் அரிசி தீர்ந்துவிட்டது, கூட இருந்த பையன்கள் ஒவ்வொருத்தராகக் கிளம்புகிறார்கள், பார்ப்போம் என்றார். மறுநாள் போன் வரவில்லை. அவள் அடித்தாள், அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக ஒரு பெண் சொன்னாள். அதற்கு மறுநாள் காலை எட்டரைக்கு அவள் மடியில் ஒரு இடது கை விழுந்தது, உடனே அதன் மேல், அதே நம்பரோடு, ஒரு வலது கை விழுந்தது.

பார்த்துக்கொண்டிருந்த போதுமணி, “அய்யய்யோ” என்று வாயில் கையை வைத்தாள்.

அதற்கு அர்த்தம் அந்த வரிசையில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். ஒருத்தர் சீட்டில் இல்லையென்றால் அவர் பங்கைப் பக்கத்து மிஷின்காரர்தான் சேர்த்து அடிக்க வேண்டும். மொக்கராசின் பங்கு சுருளியம்மாளுக்கு வந்துவிட்டது. மொக்கராசு சீட்டில் இல்லை.

பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்து, பெண்கள் வந்து அவளைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். ஒருத்தி அழ ஆரம்பித்தாள், இன்னொருத்தி செய்தி உறுதியாகாமல் அழக்கூடாது என்று அதட்டினாள், அதட்டினவளே பிறகு கூடச் சேர்ந்து அழுதாள். சுருளியம்மாளுக்கு அழுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. தாலியைத் தொட்டுப் பார்த்தாள், மடியில் கிடக்கிற வலது கைகளைத் தொட்டுப் பார்த்தாள், இரண்டும் அதது பாட்டுக்கு இருந்தது. “சீட்டுல இல்ல. அவ்வளவுதேன். ஒன்னுக்குப் போனாக்கூடத்தேன் சீட்டுல இருக்க மாட்டாக” என்றாள். சொல்லிவிட்டு, ஒன்றுக்குப் போனவர் இத்தனை நேரமா என்று அவளுக்கே தோன்றியது.

சோதனைச் சாவடியில் போய்க் கேட்டுப் பார்க்கலாம் என்று போதுமணி அவளை இழுத்துக்கொண்டு போனாள். போலீஸ்காரர் நல்ல மாதிரிதான், பேரைச் சொல், வயர்லெஸ்ஸில் கேட்டுப் பார்க்கிறேன் என்றார். சுருளியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“என்னம்மா, புருசன் பேரு தெரியாதா?”

“தெரியும் சார். சொல்ல மாட்டா” என்றாள் போதுமணி. “சொன்னா ஆயுசு கொறைஞ்சுரும்னு அவுக ஆத்தா சொல்லிக் குடுத்ததாம். ரேசன் கடையில கூட நாந்தேன் சொல்லணும். மொக்கராசு, எழுதிக்கங்க. ஏண்டி, எந்தக் காலத்துலடி இருக்க நீ?”

“நீ உன் புருசன் பேரச் சொல்லு, ஊரு பூராச் சொல்லு. எனக்கு வேண்டாம்” என்றாள் சுருளியம்மாள். வயர்லெஸ்ஸில் ஒரு பதிலும் வரவில்லை.

இதற்கிடையில்தான் டிவியில் கோட் போட்ட ஒருத்தர் வந்து, நாட்டின் மொத்த உற்பத்தியில் கால் பங்கு காணாமல் போய்விட்டது என்றார். ஊராட்சித் தலைவர் பெருமாயி அதைக் கேட்டுக் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் பள்ளிக்கூடத்து மைதானத்துக்கு எல்லாரையும் வரச் சொன்னார், தள்ளித் தள்ளி உட்காரச் சொன்னார்.

“காணாமப் போச்சுன்னு டிவியில சொல்லிட்டான். காணாமப் போனது எங்க கிடக்கு? நம்ம ஊர்லதேன் கிடக்கு. நாளைக்கு வந்து, ஏம்மா எடுத்து வச்சீங்கன்னு கேட்டா நான் என்ன சொல்ல? ஆட்டுக்குட்டிக்கு மாட்டிவிட்டோம்னு சொல்லவா?”

அது நியாயமான பயமாகத்தான் எல்லாருக்கும் பட்டது. அன்றைக்கே ஆட்டுக்குட்டிகளின் சட்டையைக் கழற்றினார்கள். வாழைத்தாரின் உறையைக் கழற்றினார்கள். தலையணையைக் கிழித்துப் பிசிறை எடுத்தார்கள். எல்லாவற்றையும் மூட்டை கட்டிப் பள்ளிக்கூடத்தில் வைத்துவிட்டு, பெருமாயி ஏதோ ஒரு ஆபீசுக்குப் போன் போட்டு, நாட்டு உற்பத்தி எங்களிடம் பத்திரமாக இருக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். சத்தம் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி போனைத் தூக்கிப் பிடித்தார். எதிர்ப்பக்கத்து ஆபீசர் பொறுமைசாலி. கை மட்டும் இருந்தால் அது உற்பத்தி ஆகாதும்மா, சட்டையாகி, விற்று, பில் போட்டால்தான் கணக்கில் வரும் என்று விளக்கினார்.

“அப்ப பத்து வருசமா நான் தச்சது என்ன?” என்று சுருளியம்மாள் கேட்டாள். கேட்டது போனுக்கு எட்டவில்லை. ஆபீசர் வைத்துவிட்டார். திருட்டுப் பட்டம் போனதில் சந்தோசப்படுவதா, செய்ததெல்லாம் ஒன்றுமில்லை என்றதில் கோபப்படுவதா என்று ஒருத்தருக்கும் பிடிபடவில்லை. ஆட்டுக்குட்டிகளுக்கு மட்டும் சட்டை திரும்பக் கிடைத்தது.

அன்றைக்கு ராத்திரி முழுக்கச் சுருளியம்மாள் யோசித்தாள். டிவிக்காரன் காணாமல் போனதைக் கணக்குப் பார்க்கிறான், மொக்கராசு காணாமல் போனதை யார் பார்ப்பது? கம்பெனியில் ஒரு ஆள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டால் எப்படி வருவான்? பக்கத்துச் சீட்டுக்காரன் இழுத்துப் போட்டு அடிக்கிற வரைக்கும் யாரும் தேட மாட்டார்கள். பக்கத்துச் சீட்டுக்காரன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் பீஸ் தேங்கும், பீஸ் தேங்கினால் பின்னாடி வரிசை பூராவும் நிற்கும், வரிசை நின்றால் காண்ட்ராக்டர் பேர் சொல்லிக் கத்துவார், பைக்கை எடுத்துக்கொண்டு போய் வீட்டு வாசலில் நின்று ஆளைத் தூக்கிக்கொண்டு வருவார். சீனிச்சாமியிடம் ஏற்கெனவே கேட்டுப் பார்த்தாகிவிட்டது, அவரும் பாவம் ஊர் மந்தையில் நின்று தொண்டை கிழியக் கூப்பிட்டார், ஆனால் அவராகக் கத்துகிற சத்தம் ஊர் எல்லை தாண்டாது. எட்டரைக்குத் தானாக வருகிற சத்தம்தான் ஒடிசா வரைக்கும் போகும்.

மறுநாள் காலை அவள் இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து வைத்துச் சேலை முந்தானையால் இறுக்கிச் சுற்றி, முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். எட்டரை ஆனது. கை இரண்டும் மீன் மாதிரி துடித்தது. அவள் விடவில்லை. போதுமணியின் விரலில் பிசிறு நின்றது. பேக்கிங் பையன்களுக்குப் பை நின்றது. தவசியின் உள்ளங்கை குளிர்ந்துபோய், குண்டானில் இட்லி மாவாகவே கிடந்தது, அவர் பெண்டாட்டி கரண்டியோடு வந்து வாசலில் நின்றாள்.

“ஏ சுருளி, உன் புருசனக் காணோம்னா எங்க வீட்டு அடுப்ப ஏண்டி அணைக்கிற?”

“அவுக வரட்டும், அடுப்பு எரியும்” என்றாள் சுருளியம்மாள்.

அப்போது கிழக்குத் தெருவிலிருந்து சீனிச்சாமியின் வாய் திறந்தது. அப்படி ஒரு சத்தத்தை அதற்கு முன் ஊர் கேட்டதில்லை, மலையில் பட்டுத் திரும்பி வந்தது. “மொக்கராசு எங்கடா? வலக்கை எங்கடா? சீட்டு காலியாக் கெடக்கு! எங்கன இருந்தாலும் உடனே வரச் சொல்லு!”

சுருளியம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். அடுத்த நாளும் கையைக் கட்டினாள், அதற்கு அடுத்த நாளும் கட்டினாள், சத்தம் அதே பேரைச் சொல்லிப் போனது. அதற்கு மேல் ஊர் தாங்காது என்று தெரிந்து அவிழ்த்துவிட்டாள். இடதும் வலதுமாக மடியில் கொட்டியது. அவள் காத்திருந்தாள். பாதையைப் பார்த்துக்கொண்டே தைத்தது விழுவதை அடுக்கினாள், பாதையில் ஈ காக்கா வரவில்லை.

பிறகு ஒரு காலை எட்டரைக்கு இடது கை விழுந்தது. வலது கை விழவில்லை. அடுத்த இடது கை விழுந்தது. வலது கை இல்லை.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. வலது கை வந்தபோது செத்துவிட்டார் என்று அழுதார்கள், இப்போது வரவில்லை, இதற்கு என்ன அர்த்தம்? பிழைத்துக்கொண்டாரா? ஆளும் போய்ப் பங்கும் போய் அந்தச் சீட்டையே எடுத்துவிட்டார்களா? போதுமணியைப் பார்த்தாள். போதுமணி பேயறைந்த மாதிரி அவளைப் பார்த்தாள். இரண்டு பேரும் அப்படியே மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்திருந்தார்கள், போன் அடித்தது. தெரியாத நம்பர்.

“ஏய், என்ன நம்பர்ல ஆரம்பிச்சுச்சு இன்னிக்கு?”

“மாமா!” அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. “மாமா, எங்க இருக்கீக?”

“கம்பெனி வாசல்ல. வாட்ச்மேன் போனு இது, என் போன்ல சார்ஜ் இல்ல. எட்டரைக்கு வலக்கை விழுந்துச்சு. கேட்டு பூட்டியிருக்கு, ஒருத்தரையும் காணோம். சீனிச்சாமி அண்ணன் எங்க? நீ ஏன் இன்னும் சீட்டுக்கு வரல?”

“கம்பெனியிலயா? நீங்க கெளம்பலையா மாமா?”

“கெளம்பாமயா? நடக்குறவனுக்கு ஏது சீட்டு, வழியில ஒரு வலக்கை கூட விழல. ரோட்டுல நடந்து, தோட்டத்துல படுத்து, தேவதானப்பட்டி தாண்டி வந்துட்டேன் சுருளி. நம்ம பக்கத்து மலை தெரிஞ்சுச்சு. அன்னிக்குக் காலையிலதேன் அண்ணன் சத்தம் கேட்டுச்சு, காதுக்குள்ள, சீட்டு காலியாக் கெடக்கு உடனே வாடான்னு. மறுநாளும் கேட்டுச்சு. தெறந்துட்டாங்க போலன்னு திரும்பி நடந்துட்டேன். அந்தச் சத்தத்துக்கு நான் என்னிக்கு லேட்டாப் போயிருக்கேன், நீயே சொல்லு.”

சுருளியம்மாள் சுவரில் சாய்ந்துகொண்டாள். தேவதானப்பட்டி. இன்னும் ஒன்றிரண்டு நாள் நடை. கையைக் கட்டி, ஊர் அடுப்பை அணைத்து, அவரைப் பிடித்துத் திருப்பி அனுப்பியது அவளேதான்.

“நாந்தேன் கூப்பிட்டேன் மாமா” என்றாள். “வீட்டுக்கு வரட்டும்னு நாந்தேன் பீஸத் தேக்குனேன்.”

“நீயா?” என்றார். “அது அண்ணன் தொண்டையில்ல? அது கேட்டா கம்பெனிக்குத்தான கால் போகும். நீ கூப்பிட்டிருந்தா வீட்டுக்கு வந்திருப்பேன்.”

அவள் போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு முறை பார்த்தாள். எழுந்து வாசலைத் தாண்டி நடுத்தெருவுக்கு வந்தாள். ஆத்தா சொன்னது நினைவில்லாமல் இல்லை, எல்லாம் நினைவிருந்தது, பயமாகவும் இருந்தது. போனை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு, ஊர் கேட்க, மலை கேட்க, வயிற்றிலிருந்து எடுத்துக் கூப்பிட்டாள்.

“மொக்கராசு! ஏ மொக்கராசு! வீட்டுக்கு வா!”

தவசி பெண்டாட்டி கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. போதுமணி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். சீனிச்சாமி கூட வீட்டைவிட்டு வெளியே வந்து எட்டிப் பார்த்தார்.

“காதுல விழுந்துச்சா?” என்றாள், குரலை இறக்கி.

“விழுந்துச்சு.”

“யாரு கூப்பிட்டா?”

“நீ” என்றார். அப்புறம், “வாட்ச்மேன் போனக் கேக்குறாரு” என்றார். கட்டாகிவிட்டது.

அன்று ராத்திரி அவள் தூங்கவில்லை. பேரைச் சொன்னது சரியா தப்பா, இன்னொரு தரம் அவ்வளவு தூரம் அவர் கால் தாங்குமா, கூப்பிட்டது நிஜமாகவே அவரை எட்டியதா, அல்லது எட்டரைக்கு மறுபடி சீட்டிலேயே உட்கார்ந்துவிடுவாரா என்று புரண்டுகொண்டே கிடந்தாள். டிவியில் உற்பத்தி இன்னும் விழும் என்று யாரோ சொன்னார்கள். விடிந்ததும் வாசல் தெளித்துவிட்டு உட்கார்ந்தாள், போதுமணியும் வந்து உட்கார்ந்தாள், இருவரும் அவளுடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எட்டரை ஆனது. ஒரு இடது கை விழுந்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அதன் மேல், அதே நம்பரோடு, தையல் சூடாக, வலது கை விழுந்தது.

போதுமணிக்குப் பழக்கத்தில் அழுகை வந்துவிட்டது. சுருளியம்மாள் அந்த வலது கையை எடுத்துக் கன்னத்தில் ஒட்ட வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்.

“எதுக்குடி அழுகுற? அவுக சீட்டுல இல்ல” என்றாள். “கெளம்பிட்டாக.”